விரத வேலை

பேஸ் வாசிப்பவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எங்கள் தீவிலும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கமும் பேஸ் கித்தாரோ, நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய டபுள் பேஸோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறோம். பேச்சு பெரும்பாலும் எது எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான். பேஸ்காரனிடம் என்றைக்குப் பணம் இருந்தது? போன மாதம் பிரவின் என்ற தம்பி அதில் ஒரு படம் போட்டார். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை இஞ்சினியர். இணையத்தில் மலிவாகப் பார்த்து ஒரு பழைய டபுள் பேஸ் வாங்கியிருக்கிறார். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு, பிளவுக்குள் காய்ந்துபோன வெள்ளைப் பசை. கீழே இப்படி எழுதியிருந்தார்: "யார் செஞ்ச விரத வேலையோ தெரியலலா."

ஆளாளுக்குச் சிரித்த முகம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் பிரவின் தனியாகக் கேட்டார். "அங்கிள், நீங்கதான் சீனியர். அரைகுறையா ஒட்டுன வேலைய ஏன் விரத வேலைன்னு சொல்றாங்க? ஏதோ கதை இருக்காமே?"

கதை இருக்கிறது தம்பி. இந்தத் தொழிலில் இருந்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். காலப்போக்கில் ஆளுடைய பெயர் உதிர்ந்து, வார்த்தை மட்டும் நின்றுவிட்டது. அந்த ஆள் நான்தான். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் வேலை செய்துவிட்டுப் போகும்போது ஊருக்கு ஏதாவது விட்டுப் போக வேண்டும் என்பார்கள். நான் விட்டது இந்த ஒரு வசவு.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் தியாகராஜா சார் கடை வைத்திருந்தார். வெளியே வயலின், கித்தார் விற்பனை. பின்கட்டில் பட்டறை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மரத்தைப் பற்றித் தெரிந்தது, கப்பலில் வரும் பலகைப் பெட்டிகளை உடைப்பது மட்டும்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரண்டு வருடம் தூசி துடைத்தேன், கம்பி சுற்றினேன், சாருக்குக் கடலைக் கறியும் இடியாப்பமும் வாங்கி வந்தேன். அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சட்டை, கை மடிப்பு கலையாது. யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கும் "நீர்" என்றுதான் மரியாதை. ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நீ எதைக் கெடுத்தாயோ அதை நீயே வாசிக்க வேண்டும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த ஒரு மலிவு பேஸ் கித்தாரில், வளைந்த கழுத்தை நிமிர்த்துகிறேன் என்று உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை அளவுக்கு மீறித் திருகி, பட்டென்று அறுத்துவிட்டேன். சார் வந்து பார்த்தார். அதற்கு நாலு கம்பியையும் பூட்டி, உறையில் போட்டு, என் கையில் கொடுத்தார். அப்போது நான் கல்யாண வீடுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கத் தொடங்கியிருந்தேன். "இதிலயே வாசியும்" என்றார். வாசித்தேன். கம்பி பலகைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு சுரத்தையும் அமுக்கிப் பிடிப்பதற்குள் விரல் நுனி கிழிந்துவிடும். ஒரு கல்யாண சீசன் முழுக்க அப்படியே ஓடிற்று. அதற்குப் பிறகு என் கையால் எந்தக் கம்பியும் அறுந்ததில்லை.

பசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கித்தார் மாதிரி இல்லை டபுள் பேஸ். ஆள் உயரம், தடித்த கம்பிகள். அந்தக் கம்பிகள் இராப்பகலாகக் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பைத் தாங்க, மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையைத்தான் போட வேண்டும். கற்கண்டு மாதிரிக் கட்டியாக வரும். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளஞ்சூட்டில் உருக்க வேண்டும். கொதித்தால் செத்துவிடும். விரலில் தொட்டுப் பிரித்தால் நூல் மாதிரி இழுபட வேண்டும். மரத்தையும் சூடாக்கி, பசை ஆறுவதற்குள் இறுக்கிப் பூட்ட வேண்டும். காய்ந்தால் கல். அதே நேரம், பின்னால் ஒருவன் திறக்க வேண்டி வந்தால், சூடும் ஈரமும் காட்டினால் மரத்தைப் பிய்க்காமல் விட்டுக்கொடுக்கும். கடையில் பாட்டிலில் விற்கிற வெள்ளை கம் அப்படி இல்லை. நாற்காலிக்கு நல்லது. ஆனால் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வழுக்கிக் கொடுத்துவிடும், அதுவும் வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம். காய்ந்த பிறகு மரத்தை விட்டும் போகாது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும்.

சார் முழுச் சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஆனாலும் மாட்டுத்தோல் பசையைக் கையால் தொட்டுத்தான் பிழைப்பு நடத்தினார். அதற்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமையில் பசை அடுப்பு ஏற்ற மாட்டார். கந்த சஷ்டியிலும் ஏற்ற மாட்டார். மற்ற நாளில் ஏற்றினால் வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் சாமி அறைக்குள் போவார். இதை அவர் ஒளித்ததே இல்லை. சீனர் வந்தாலும், வெள்ளைக்காரர் வந்தாலும், "இன்றைக்கு என் சாமி நாள், பசை வேலை இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று அவரவர் பாஷையில் சொல்லி அனுப்பிவிடுவார். ஒருத்தராவது முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் வருவார்கள். அவ்வளவு சாதாரணமான விஷயம் அது. அவரோடு அத்தனை வருடம் இருந்தும், அந்த ஒன்றை மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

ரெஜினா அக்கா எங்கள் வாடிக்கையாளர். துறைமுக அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவோடு பேஸ் வாசிப்பார். மூடிப்போன ஒரு நடன அரங்கிலிருந்து, யாரும் சீந்தாமல் கிடந்த பிளைவுட் டபுள் பேஸ் ஒன்றை வாங்கி, நாங்கள்தான் அதைத் தேற்றிக் கொடுத்தோம். பிளைவுட் என்றால் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு அதுதான் தாக்குப்பிடிக்கும். அக்கா வாசித்தால் அந்தப் பெட்டி நெஞ்சுக்குள் பேசும். ஒரு பியானோக்காரரும் டிரம்ஸ்காரரும் அவரைச் சேர்த்துக்கொண்டு மூவராக ஒரு குழு அமைத்தார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் அவர்களை ஒருநாள் வாசித்துக் காட்டச் சொன்னது. பிடித்துவிட்டால் வாரம் முழுக்க வேலை. அக்கா டைப்பிங்கை விட்டுவிட்டு அதற்கே போய்விடுவதாக முடிவு செய்திருந்தார். வாழ்க்கையில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரம் பார்த்துப் பேஸின் கழுத்து விட்டுக்கொண்டது. வேனில் ஏற்றும்போது யாரோ இடித்துவிட்டார்கள். அக்கா அலுவலக உடுப்போடு மதிய நேரத்தில் ஓடிவந்தார்.

"சனிக்கிழமை ஹோட்டல்ல வாசிக்கணும் தம்பி. அதுக்குள்ள முடியுமா?"

சார் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்குக் கோலாலம்பூர் போயிருந்தார். பட்டறை என் பொறுப்பு. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது, நான் விரதத்தில் இருந்தேன். அது சும்மா ஊருக்காக இருந்த விரதம் இல்லை. என் மனைவி வள்ளிக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்தது தங்கினால் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். தங்கியிருந்தது. மாமிசம் தொட மாட்டேன், தோலைத் தொட மாட்டேன் என்று காப்புக் கட்டியிருந்தேன். செருப்புகூட ரப்பர்தான்.

"விரதம் அக்கா, அந்தப் பசையைத் தொட முடியாது, பூசம் கழியட்டும்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் கிறிஸ்துவர், இங்கிலீஷ் படித்தவர், ஆபீஸில் வேலை செய்பவர். மூட்டை தூக்கியவன் மகன் பசைக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்று இருந்தது. கைதேர்ந்த ரிப்பேர்காரன் என்று அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்றும் இருந்தது. அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "முடியும்லா அக்கா, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்குங்க" என்றேன்.

வெள்ளை கம் போட்டு ஒட்டினேன். நன்றாகவே இறுக்கிப் பூட்டினேன், அதில் குறை சொல்ல முடியாது. கம்பியைப் பூட்டி நாலைந்து நாளாவது இழுப்பில் விட்டுப் பார்க்காமல் எந்த டபுள் பேஸையும் கடையை விட்டு அனுப்பக் கூடாது என்பது சாரின் சட்டம். அதற்கும் நேரமில்லை. வெள்ளிக்கிழமை அக்கா வந்து வாசித்துப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "உங்க கை தங்கக் கை தம்பி" என்றார். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். நீச்சல் குளத்தின் ஓரமாகச் சின்ன மேடை. மதியம் முழுக்க பேஸ் வேனுக்குள் வெயிலில் கிடந்திருக்கிறது, அது எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் பாட்டு அழகாகப் போயிற்று. இரண்டாவது பாட்டின் நடுவில் அக்காவின் சுருதி பியானோவுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கிற்று. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பாட்டு முடிந்ததும் அக்கா முறுக்கிச் சரிசெய்துகொண்டார். அடுத்த பாட்டில் மறுபடியும் இறங்கிற்று. மறுபடியும் முறுக்கினார். முறுக்க முறுக்க இழுப்பு கூடுகிறது. இழுப்பு கூடக் கூட வெள்ளை கம் வழுக்குகிறது. கழுத்து முன்னால் சாய்ந்து, கம்பி பலகையை விட்டு மேலே எழும்புகிறது. அக்கா தோளோடு சேர்த்து அமுக்கினார். விரலை உதறிக்கொண்டு வாசித்தார். ஹோட்டல் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

கெடுத்தவன்தான் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம். அன்றைக்குக் கெடுத்தவன் ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் வாசித்தார். பாதியில் நிறுத்தவில்லை, கடைசிப் பாட்டு வரைக்கும் வாசித்தார். கைதட்டல் ஓய்ந்து, பேஸைக் கிடத்தும்போது கழுத்து கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நீச்சல் குளத்தில் குதித்து அடியிலேயே கிடந்துவிடலாம் போல இருந்தது.

ஹோட்டல் பியானோக்காரரையும் டிரம்ஸ்காரரையும் மட்டும் வைத்துக்கொண்டது. பேஸை ஒரு கீபோர்ட்காரன் இடது கையால் வாசித்துவிடுவான் என்றார்களாம். அக்கா ஓய்வு பெறும்வரைக்கும் அதே துறைமுக அலுவலகத்தில் டைப் அடித்தார்.

சார் திரும்பி வந்த அன்று அக்காவும் டிரம்ஸ்காரரும் பேஸை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். சார் பிளவை மோந்து பார்த்தார். நகத்தால் ஒரு சிராய் கிளப்பினார்.

"என்ன பசை போட்டனீர்?"

"வெள்ளை கம் சார்."

"ஏன்?"

"விரதம் சார்."

டிரம்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வார்த்தை அங்கேதான் பிறந்தது. அன்று சாயங்காலமே ஊரெல்லாம் போயிருக்கும். அக்கா சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. சாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நான் இன்றைக்கும் மறக்க முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"விரதம் எண்டு சொல்ல உமக்கு வெக்கமா இருந்ததோ?"

சார் அக்காவிடம் திரும்பி, பூசம் முடிந்ததும் இவரே இதைச் செய்து தருவார், அதுவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். இனி அவசரம் என்ன இருக்கிறது?

பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், பந்தலுக்குப் பந்தல் ஆள் உயர ஒலிபெருக்கி. ஒவ்வொன்றையும் தாண்டும்போது பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது. எல்லா வருடமும் அது எனக்குத் தெம்பு கொடுக்கும். அந்த வருடம் தலை நிமிரவில்லை. குடத்தைப் பார்த்து நடக்கிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் சுத்தமாக மலை ஏறினேன். அதற்காக ஒருத்தி தான் கேட்ட ஒரே வாய்ப்பை இழந்திருந்தாள். முருகனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், குழந்தையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவள் முகத்தைப் பார்த்த முதல் நாளும் அந்தக் கழன்ற கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

பூசத்துக்கு மறுநாளே வேலையைத் தொடங்கினேன். வெள்ளை கம் ஊறிய மரத்தில் தோல் பசை பிடிக்காது. வெந்நீர்த் துணி போட்டு, காடி தடவி, பல் துலக்கும் பிரஷ்ஷாலும் சின்னக் கத்தியாலும் மரம் போகாமல் பசையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் சுரண்டினேன். சார் ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் மட்டும் வந்து, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்.

ரெஜினா அக்கா அதற்குப் பிறகும் என்னிடம்தான் வந்தார். கம்பி மாற்ற, கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜைச் சீவ, உள்ளே நிற்கிற குச்சி சாய்ந்தால் நிமிர்த்த. சார் காலமாகி, கடை மூடி, நான் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வீட்டோடு வேலை பார்க்கத் தொடங்கிய பிறகும் வந்தார். அந்த ஹோட்டலைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்து, கம்பி விலையைப் பேசி முடித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டேன். ஹோட்டல்காரன் குறித்த நாளை மாற்ற முடியாது. நான் முடியாது என்று சொல்லியிருந்தாலும் அக்காவுக்கு அந்த வேலை போயிருக்கத்தான் போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். இதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் தூங்கினேன்.

பிரவினுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்த அதே வாரம் அக்கா போன் பண்ணினார். எழுபதைத் தாண்டிவிட்டார். தம்பி மகன் வேனில் பேஸை ஏற்றிவந்து, லிஃப்டில் நுழையாமல் திண்டாடி, ஒருவழியாக என் கூடத்துக்குள் கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போனான். அதே மூட்டு. மெல்லிசாகத் திறந்திருந்தது. இந்த முறை மரத்தில் ஒரு கீறல் இல்லை. நல்ல பசை இத்தனை வருடம் உழைத்துவிட்டு, பக்குவமாக விட்டுக்கொடுத்திருந்தது. தேவாலயத்தில் வாசிக்க வேண்டும், சுருக்கச் செய்துகொடுக்க முடியுமா என்று கேட்டார்.

தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. கையில் காப்பு இருந்தது. மகள் பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூட நான் அந்த விரதத்தை விட்டதில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பேஸைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இப்ப முடியாதுக்கா. விரதத்துல இருக்கேன். அந்தப் பசைய தொட மாட்டேன். பூசம் முடிஞ்சுதான் செய்வேன்."

அக்கா ஒன்றும் யோசிக்கவில்லை.

"சரி தம்பி. இங்கேயே இருக்கட்டும், அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டார். பிறகு, ஏதோ பழைய காய்கறி விலையை நினைவுபடுத்துகிறவர் மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னார்.

"அன்னிக்கும் இதச் சொல்லியிருக்கலாம்லா. மேனேஜர் மறு மாசம்கூட ஓக்கேன்னுதான் சொன்னான். நான்தான் சீக்கிரமா வாசிச்சுரலாம்னு சனிக்கிழமை கேட்டு வாங்கினேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஃபேன் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"காப்பி குடுப்பீங்களா, அதுக்கும் விரதமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

இதோ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. கூடத்திலிருந்து அக்கா தளர்ந்துபோன கம்பியை ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. வெளியே வர எனக்கு முகம் இல்லை.